நீங்கள் விட நினைப்பது எதை?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். பள்ளியில் ஆசைப்பட்டுப் படித்த பாடத்தைத்தான் எடுத்தீர்கள். போன செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது. மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. விடிய விடிய போன், மதியம் வரை படுக்கை. "மோட்டிவேஷன் சுத்தமாக இல்லை. நான் சோம்பேறியா? பேசாமல் படிப்பை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நிலையில் இருக்கும் மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவதே பல வருடங்களாக என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சோம்பேறி என்ற சொல்லை முதலில் தள்ளி வைத்துவிடலாம். சோம்பேறிக்குத் தூக்கம் கெடாது. சும்மா இருப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருக்கும். உங்களுக்கு அந்தச் சுகம் கிடைத்ததா? மூன்று வாரம் வகுப்புக்குப் போகாமல் இருந்தும் ஒரு நாள்கூட ஓய்வெடுத்த மாதிரி இருந்திருக்காது. போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அடிவயிறு பிசைந்துகொண்டிருக்கும். தள்ளிப்போடும் பழக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்த டிமதி பிச்சில், ஃபுஷியா சிரோய் ஆகியோர் சொல்வதும் இதைத்தான். ஒரு வேலையைத் தொடப் போகும்போது பயமோ வெட்கமோ எரிச்சலோ எழுகிறது. அந்த உணர்விலிருந்து தப்பிக்கத்தான் வேலையைத் தள்ளிப்போடுகிறோம். நேரத்தைத் திட்டமிடத் தெரியாதது அதில் சின்னப் பங்கு. அதனால்தான் நீங்கள் போடும் அழகான டைம்டேபிள் எதுவும் இரண்டு நாளைக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை.

தப்பித்த பிறகு என்ன ஆகிறது என்றால், தப்பித்ததற்காக வெட்கம் வருகிறது. ஒரு வாரம் போகாமல் விட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தோன்றும், அதற்காகவே இரண்டாவது வாரமும் போக மாட்டோம். அப்புறம் தலைக்கு மேல் வெள்ளம், சாண் போனால் என்ன முழம் போனால் என்ன என்ற கணக்குதான். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தன்னைத்தானே திட்டிக்கொண்டால் ரோஷம் வந்து படிப்போம் என்று நம்பித்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். அது பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் வேலை செய்கிறது.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யார் என்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிடுகிறேன். மூன்றாம் ஆண்டு. விலகல் கடிதத்தை எழுதி மடித்துக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். "முடிவு பண்ணிட்டேன் மேடம், இதை யாரிடம் கொடுக்கணும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். சரி, சொல்கிறேன், அதற்கு முன் உங்கள் கல்லூரி மெயிலைக் கொஞ்சம் திறந்து பார்ப்போமா என்றேன். முகம் வெளுத்துவிட்டது. ஐந்து வாரமாக அவர் அதைத் திறக்கவே இல்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "நீங்களே படிங்க, நான் பார்க்க மாட்டேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அறுபதுக்கு மேல் படிக்காத கடிதங்கள். பெரும்பாலானவை பொது அறிவிப்பு. புராஜெக்ட் வழிகாட்டி எழுதியது ஒன்று இருந்தது. அதற்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார் என்று பெயரைப் படித்ததும் தெரிந்தது. இரண்டே வரி: ரிவியூவுக்கு வரவில்லையே, உடம்பு சரியில்லையா, முடிந்தால் வியாழக்கிழமை வந்து பாருங்கள். அவ்வளவுதான். நான் அதை இரண்டு முறை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

கெட்ட செய்தியும் இருந்தது. ஒரு பாடத்தில் வருகைப் பதிவு போதவில்லை, அதை மறுபடி படித்தே ஆக வேண்டும். அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து வாரமாக அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த பூதத்துக்கும், கடிதத்தில் உண்மையில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அவர் விட நினைத்தது அந்த மெயிலைத் திறக்கும் கணத்தை. அதற்காக ஒரு பட்டப்படிப்பையே கொடுக்கத் தயாராக இருந்தார்.

உங்களிடமும் நான் கேட்க நினைப்பது இதுதான். நீங்கள் விட நினைப்பது எதை? இதைக் கண்டுபிடிக்க நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாளைக் காலை நீங்கள் எழும்போது, போன இரண்டு பேப்பரும் பாஸ், வருகைப் பதிவு சரி, யாரும் உங்களை எதுவும் கேட்கப் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் விட நினைப்பீர்களா? "அப்படியானால் போவேன்" என்று மனசு உடனே சொன்னால், உங்கள் சண்டை படிப்போடு இல்லை, சேர்ந்துபோன பாக்கியோடுதான். அது பெரிதாகத் தெரிந்தாலும் எண்ணிப் பார்க்கக்கூடியது. அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் அடுத்ததைக் கேளுங்கள். இந்தப் படிப்பை முடித்து, அதற்குரிய வேலையில் சேர்ந்து, மூன்றாவது வருடம், ஒரு சாதாரணத் திங்கட்கிழமை காலை பத்து மணி. உங்கள் முன்னால் என்ன வேலை இருக்கும்? அதை நினைக்கும்போது மனசு சுருங்குகிறதா? அப்படியென்றால் அது வேறு விஷயம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பள்ளியில் பிடித்த பாடம் இப்போது ஏன் கசக்கிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. 1971-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உளவியலாளர் எட்வர்ட் டெசி மாணவர்களுக்குத் துண்டுகளைச் சேர்த்து உருவம் செய்யும் ஒரு புதிர் கொடுத்தார். சிலருக்குத் தீர்த்தால் பணம், சிலருக்கு ஒன்றும் இல்லை. பிறகு இடைவேளையில் அவர்களைத் தனியே விட்டுப் பார்த்தபோது, பணம் வாங்கிப் பழகி, பிறகு அது நின்றுபோனவர்களுக்குப் புதிர் மேல் இருந்த ஈர்ப்பு குறையும் பக்கமே சாய்ந்தது. 1973-இல் வெளியான ஆய்வில் மார்க் லெப்பரும் சகாக்களும், படம் வரைய ஆசைப்பட்ட சின்னக் குழந்தைகளிடம் இதையே பார்த்தார்கள். பரிசு தருவோம் என்று முன்பே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பின்னால் தாமாக வரைவது குறைந்துபோனது. பள்ளியில் நீங்கள் அந்தப் பாடத்தை விளையாட்டாகத் தொட்டீர்கள். இங்கே வந்ததும் அது கிரெடிட், இன்டர்னல், கட்-ஆஃப் ஆகிவிட்டது. இரண்டு பேப்பர் போனதும் அந்தப் பாடமே உங்களைப் பார்த்து "நீ லாயக்கில்லை" என்று சொல்வது போலாகிவிட்டது. ஆசை செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மதிப்பெண்ணுக்கு அடியில் எங்கேயோ கிடக்கலாம். பாடத்திட்டத்தில் இல்லாத, ஆனால் அதே துறையைச் சேர்ந்த எதையாவது அரை மணி நேரம் படித்துப் பாருங்கள். இழுத்தால் ஒரு செய்தி, இழுக்காவிட்டாலும் ஒரு செய்தி.

டெசியும் ரிச்சர்ட் ரயானும் பின்னாளில் சொன்னது: நாமாகத் தேர்ந்தோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நமக்கென்று மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு, இந்த மூன்றும் கிடைத்தால் ஊக்கம் தானாக வரும். மாணவர்கள் "மோட்டிவேஷன் இல்லை" என்று வந்து உட்கார்ந்தால் நான் இந்த மூன்றில் எது வற்றியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். எல்லாரும் முதலாவதைத்தான் சொல்வார்கள், வீட்டில் சொன்னதால் எடுத்தேன் என்று. ஆனால் பேசப் பேச, பெரும்பாலும் வற்றிக் கிடப்பது மூன்றாவது.

நீங்கள் எழுதியதில் ஒரு நண்பரைப் பற்றிக்கூட இல்லை. மூன்று வாரம் வரவில்லை, "எங்கே ஆளைக் காணோம்" என்று யாராவது கேட்டார்களா? வின்சென்ட் டின்டோ 1975-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. மாணவர்கள் ஏன் பாதியில் போகிறார்கள் என்பதற்கு மதிப்பெண்ணை மட்டும் காரணம் காட்டக் கூடாது, அந்த இடத்தின் படிப்பிலும் மனித உறவுகளிலும் அவர்கள் எவ்வளவு ஒட்டிக்கொண்டார்கள் என்பதைப் பாருங்கள் என்றார். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெஞ்சைத் தொடுவது. ஓர் அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் இது நம் இடம் இல்லை என்று பலருக்கும் தோன்றியது, பிறகு அது சரியாகிவிட்டது என்பதுதான் அதன் சாரம். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களுடன் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. பாடம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற நினைப்பைத்தான் எடுத்தார்கள்.

உங்கள் வகுப்பில் எல்லாரும் தெளிவாக இருப்பது போல உங்களுக்குத் தெரியும். அவர்களும் என் அறைக்கு வருகிறார்கள், அதனால் சொல்கிறேன், அப்படி இல்லை.

இனி படிப்பைப் பற்றி. நீங்கள் தோற்ற இரண்டு பேப்பருக்கும் படிக்காமல் தோற்றீர்களா, படித்தும் தோற்றீர்களா என்று எழுதவில்லை. படித்தும் தோற்றிருந்தால் அது ஆளை உடைத்துவிடும், "என் மண்டை இவ்வளவுதான்" என்று ஆகிவிடும். ஆனால் நோட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, மார்க்கரால் கோடு போட்டுப் படித்திருந்தால் குற்றம் மண்டையில் இல்லை, முறையில் இருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 42 சதவீதம். ஒரு முறை வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். மறுவாசிப்பு, தெரியும் என்ற மயக்கத்தைத் தருகிறது. தேர்வறையில் அது கலைகிறது. புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். முதல் நாள் மிகக் கஷ்டமாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும்.

ஊக்கம் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே, உற்சாகம் வரும்வரை காத்திருக்காமல் சின்னச் செயலை முதலில் செய்ய வைக்கும் முறை இருக்கிறது. செயல் முன்னே போக, மனசு பின்னால் வந்து சேரும். "நாளையிலிருந்து ஒழுங்காகப் படிப்பேன்" என்பது செயல் இல்லை. "செவ்வாய் காலை பல் தேய்த்ததும் சட்டை மாற்றிக்கொண்டு இரண்டாவது பீரியடுக்கு மட்டும் போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன்" என்பது செயல். எப்போது, எங்கே, எதைத் தொடர்ந்து என்று முடிச்சுப் போட்டு வைக்கும் தீர்மானங்கள்தான் நிறைவேற அதிக வாய்ப்புள்ளவை என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. போனை ராத்திரி வேறு அறையில் வையுங்கள், அதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, இதற்கெல்லாம் பிறகும் விட்டுவிடத்தான் தோன்றுகிறது என்றால்?

விடலாம். அதை உங்களிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. திங்கட்கிழமைக் கேள்விக்கு மனசு சுருங்கியது என்றால், வேறு எதையோ செய்ய ஏற்கெனவே கை துறுதுறுக்கிறது என்றால், விடுவது நல்ல முடிவாகவே இருக்கலாம். "இரண்டு வருடம் போட்டாயிற்றே" என்பதற்காக மட்டும் இன்னும் இரண்டு வருடம் போடாதீர்கள். ஆர்க்ஸ், புளூமர் என்ற ஆய்வாளர்கள் நாடக அரங்கில் செய்த ஒரு பரிசோதனையை 1985-இல் வெளியிட்டார்கள். சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள்தான் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசு இழுத்துக்கொண்டு வந்தது. போன வருடங்கள் நீங்கள் இருந்தாலும் போனவைதான், விலகினாலும் போனவைதான். இனி வரும் வருடங்களை வைத்து மட்டும் கணக்குப் போடுங்கள்.

பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் ஒரு விசித்திரமான ஆய்வு செய்தார். பெரிய முடிவில் ஊசலாடுபவர்கள் இணையத்தில் வந்து நாணயம் சுண்டலாம். 20,000-க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, நாணயம் சொன்னபடி மாற்றத்தைச் செய்தவர்கள் சராசரியில் கூடுதல் நிம்மதியோடு இருந்தார்கள். 2021-இல் ஆய்விதழில் வந்தது. இதை வைத்து எல்லாரும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, வேலை, உறவு என்று எல்லா வகை முடிவும் அதில் கலந்திருந்தது. ஆனால் மாற்றம் என்றாலே பாழ் என்ற பயம் நமக்கு அளவுக்கு மேல் இருக்கிறது, அதற்கு இது நல்ல மாற்று மருந்து.

எப்படி விடுகிறீர்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. நான் பார்த்ததில் மிகவும் அடிபட்டவர்கள், முடிவெடுத்து விட்டவர்கள் அல்லர். போகாமல் போகாமல் கரைந்துபோனவர்கள். எதுவும் எழுதிக் கொடுக்காமல், தேர்வுக் கட்டணமோ பதிவோ தவறி, பட்டியலில் தோல்வி மேல் தோல்வி சேர்ந்து, இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வர நினைக்கும்போது கதவு மூடியிருக்கும். முறையாகக் கேட்டிருந்தால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும்: ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ தற்காலிக விடுப்பு, பாடச் சுமையைக் குறைத்துக்கொள்வது, துறை மாற்றம், படித்த பாடங்களின் கிரெடிட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோவது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். எனவே நண்பர் சொன்னதை நம்பாமல் அலுவலகத்தில் கேளுங்கள்: விடுப்புக்குக் கடைசித் தேதி என்ன, எத்தனை ஆண்டுக்குள் திரும்பலாம், உதவித்தொகையோ கல்விக்கடனோ இருந்தால் அது என்ன ஆகும், இதுவரை படித்ததற்கு மதிப்பெண் சான்று தருவார்களா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். விடுப்பு எடுத்தால், அந்த மாதங்களில் என்ன செய்வீர்கள் என்பதற்கும் ஒரு பதில் வேண்டும். வேறு ஒரு கட்டிலில் அதே போனைப் பார்ப்பதற்கு விடுப்பு தேவையில்லை.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வகுப்பு மட்டும்தான் பிடிக்கவில்லையா, எதுவுமே பிடிக்கவில்லையா? முன்பு பிடித்த பாட்டு, விளையாட்டு, பேச்சு எல்லாமே சப்பென்று ஆகி, தூக்கமும் பசியும் மாறி, உடம்பு கனமாகி, இது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரம் என்பது மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்களே வைத்திருக்கும் அளவு. அது காய்ச்சல் மாதிரி ஒரு நோய், சிகிச்சை உண்டு. காய்ச்சலோடு எடுத்த முடிவைக் காய்ச்சல் விட்ட பிறகு நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், ஆகவே அந்த நிலையில் விலகல் கடிதம் வேண்டாம். இருந்து என்ன பயன், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தாலும், இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம். இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்க வேண்டாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவிடம் சொல்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உள்ளே அழுத்துகிறது என்று நினைக்கிறேன். "படிப்பை விடப்போகிறேன்" என்று ஆரம்பித்தால் அவர்கள் அந்த ஒரு வாக்கியத்தோடுதான் சண்டை போடுவார்கள். "இரண்டு பேப்பர் போய்விட்டது, மூன்று வாரமாக என்னால் போக முடியவில்லை, பயமாக இருக்கிறது" என்று நடந்ததைச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் கோபம் வரலாம். அந்தக் கோபத்தை அவர்களின் கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு ராத்திரி கழித்து மறுபடி பேசுங்கள். நான் பார்த்த பெற்றோரில் பலர் இரண்டாம் நாள் வேறு மனிதர்களாக வந்திருக்கிறார்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. உங்கள் ஆசிரியர்களில் கொஞ்சமாவது மென்மையாகப் பேசுபவர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம், மன்னிப்பை நீட்ட வேண்டாம். கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு மாணவன். மூன்று வாரமாக வகுப்புக்கு வர முடியவில்லை. போன செமஸ்டரில் இரண்டு பாடங்களில் தோல்வி. தொடர்வதா, இடைவெளி எடுப்பதா என்று முடிவெடுக்க உங்களோடு பதினைந்து நிமிடம் பேச வேண்டும். இந்த வாரம் எப்போது வரலாம்?"

மாணவி என்றால் மாணவி என்று மாற்றிக்கொள்ளுங்கள். அனுப்பிவிட்டு இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். பதிலைத் தனியாகத் திறக்கப் பயமாக இருந்தால் ஒரு நண்பரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம்.